நர்ஸ் டியூட்டியும் உடம்பும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தனியார் மருத்துவமனையில் இரவு 8 முதல் காலை 8 வரை டியூட்டி. 14 நோயாளிகளுக்கு நான் ஒருத்திதான். விடியற்காலையில் மருந்து கொடுக்கும்போது தடுமாறுகிறேன். என் கவனக்குறைவா, வேலைப்பளுவா?
– ஸ்டாஃப் நர்ஸ், கீழக்கரை

பதில்: வேலைப்பளுதான். 5 மணி முதல் 8 மணி வரை கணக்குப் போட்டுப் பாருங்கள். பி.பி., பல்ஸ், டெம்பரேச்சர் பார்த்து கேஸ் ஷீட்டில் ஏற்ற ஆளுக்கு 5 நிமிடம் என்றாலே 70 நிமிடம். ஆன்டிபயாடிக் பவுடரைக் கலக்கி நரம்பில் மெதுவாகச் செலுத்த இன்னொரு 5. பத்துப் பேருக்கு 50. மிஞ்சுவது ஒரு மணி நேரம். அதற்குள் சுகர் டெஸ்ட், லேபுக்கு ரத்தம், சிறுநீர் அளவு, நடுவில் "சிஸ்டர், ட்ரிப் முடிஞ்சிருச்சு" என்று ஓடிவரும் உறவினர்கள்.

பொது வார்டில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்து 2002ல் வெளியான ஆய்வில், நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், நர்ஸ் ஓய்ந்து வெறுத்துப்போகும் வாய்ப்பு 23 சதவீதமும் கூடியிருந்தன. பன்னிரண்டரை மணி நேரத்தைத் தாண்டிய டியூட்டியில் பிழை மும்மடங்கு என்று 2004ல் இன்னோர் ஆய்வு காட்டியது. டியூட்டியை ஒப்படைக்க 8.45 ஆகிறதென்றால் நீங்கள் தினமும் அந்தக் கோட்டைத் தாண்டுகிறீர்கள்.

நேரம் மிச்சமாகும் என்று எல்லா சிரிஞ்சையும் முன்கூட்டியே ஏற்றி ட்ரேயில் அடுக்காதீர்கள். பெயர் ஒட்டாத இரண்டு சிரிஞ்சுகள் ஒன்றுபோலத்தான் இருக்கும். இன்சுலினில் இன்னும் கவனம். ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், மில்லிக்கு 100 யூனிட் உள்ள குப்பிக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். இன்சுலின், ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து), பொட்டாசியம் மூன்றுக்கும் பக்கத்து வார்டு சிஸ்டரைக் கூப்பிட்டு இருவராகச் சரிபாருங்கள். பொட்டாசியத்தை நேரடியாக நரம்பில் தள்ளவே கூடாது.

இரண்டு வாரம் ஒவ்வொரு ஷிஃப்டிலும் நோயாளி எண்ணிக்கை, கூடுதலாக நின்ற நிமிடம், தள்ளிப்போன மருந்து ஆகியவற்றைக் குறித்து சூப்பரின்டெண்டன்டிடம் எழுத்தில் கொடுங்கள். வாய்ச்சொல் அந்த அறையிலேயே நின்றுவிடும்.

கேள்வி: வார்டில் வரும் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, குடிப்பதே குறைவு. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், கூடவே இடுப்பு வலி.
– வாசகி, மண்டபம்

பதில்: நம் கரையோரப் புழுக்கத்தில் வியர்வையிலேயே நிறைய போய்விடும். வீட்டிலிருந்து ஒரு லிட்டர் பாட்டில் கொண்டுபோய் ஆறு மணி நேர டியூட்டிக்குள் முடியுங்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்காதீர்கள். வார்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக்கை நீங்களே போட்டுக்கொள்வது (பலரும் செய்வதுதான்) வேண்டாம். முதலில் யூரின் கல்ச்சர் (சிறுநீரில் எந்தக் கிருமி என்று பார்க்கும் சோதனை), பிறகு மருந்து. காய்ச்சலோ விலாவில் வலியோ வந்தால் அன்றைக்கே டாக்டர். இடுப்புக்கு: நோயாளியின் அக்குளில் கை கொடுத்துத் தூக்காமல், பெட்ஷீட்டோடு சேர்த்து இருவர் இழுங்கள். கட்டிலை உயர்த்த முடிந்தால் உங்கள் இடுப்பளவுக்கு உயர்த்திவிட்டே தொடங்குங்கள்.

கேள்வி: நைட் டியூட்டி முடித்து மனைவி ஸ்கூட்டியில் வருகிறாள். கண் சொக்குகிறது என்கிறாள்.
– வாசகர், தொண்டி

பதில்: கிழக்குக் கடற்கரைச் சாலையில் தூக்கக் கண்ணோடு ஸ்கூட்டி வேண்டாம், அந்த நாட்களில் பஸ், இல்லையென்றால் நீங்கள் போய் அழைத்து வாருங்கள். இரவு 2 மணிக்கு மேல் டீ, காபி நிறுத்தினால் வீட்டுக்கு வந்ததும் தூக்கம் பிடிக்கும். ஜன்னலுக்குக் கனத்த துணி போடுங்கள், பகல் 2 மணி வரை காலிங் பெல்லை அணைத்து வையுங்கள்.