ஒன்பது மாநிலம் போதும் என்று யார் சொன்னது?

அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்துக்கு 1787, 1788இல் மாநிலங்கள் ஒப்புதல் தந்த கதையைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது என்று கேட்டிருந்தீர்கள். எட்டாம் வகுப்புக்குப் பதினோரு வருடமாக இதை நடத்துகிறேன். அந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

என் மகள் நியூ ஜெர்சியில் எட்டாவது படிக்கிறாள். ஃபெடரலிஸ்ட் (சட்டத்தை ஆதரித்தவர்), ஆன்டி ஃபெடரலிஸ்ட் (எதிர்த்தவர்) என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்கிறாள். தேர்வு முடிந்ததும் மறந்து போகிறது. என்ன செய்யலாம் அக்கா?

அட்டவணையைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்துகொண்டே படித்தால் தோற்றவர்கள் எல்லாம் முட்டாள்களாகத் தெரிவார்கள். சட்டத்தை ஏற்பதா வேண்டாமா என்று முடிவுசெய்ய 1788 ஜனவரியில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பாஸ்டனில் கூடியிருந்த பிரதிநிதிகளில் யாருக்கும் முடிவு தெரியாது.

நான் மாசசூசெட்ஸ் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வேன். ஏமஸ் சிங்கிள்டெரி என்ற கிராமத்துப் பிரதிநிதி எழுந்து, இந்த வக்கீல்களும் படித்தவர்களும் பணக்காரர்களும் நயமாகப் பேசி, தாங்களே காங்கிரசுக்கு (நாட்டின் சட்டமன்றத்துக்கு) போய், நம்மைப் போன்ற சின்ன ஆட்களை விழுங்கிவிடுவார்கள் என்றார். அவருக்குப் பதில் சொன்ன ஜொனாதன் ஸ்மித்தும் வக்கீல் இல்லை, ஏர் பிடித்துப் பிழைக்கிறவர். முந்தைய குளிர்காலத்தில் கடன் தொல்லையால் விவசாயிகள் துப்பாக்கி தூக்கிய ஷேஸ் கலகத்தைத் தன் பகுதியிலேயே பார்த்தவர். அந்தக் குழப்பத்துக்கு மருந்து இந்தச் சட்டத்தில் இருக்கிறது, இதைத் தெரிந்துகொள்ள நான் எந்த வக்கீலிடமும் போகவில்லை, எங்கள் ஊரில் வக்கீலே கிடையாது, இல்லாமல் நன்றாகத்தான் இருக்கிறோம் என்றார்.

இந்த இரண்டு பேச்சையும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். "பணக்காரர் ஆதரவு, ஏழை எதிர்ப்பு" என்ற அட்டவணை அங்கேயே ஆட்டம் காணும். அப்புறம் எண்ணிக்கையைச் சொல்லுங்கள்: ஆதரவு 187, எதிர்ப்பு 168. பத்தே பேர் மனம் மாறியிருந்தால் தீர்மானம் தோற்றிருக்கும். கழித்துப் பார்க்கிற வேலையை மகளிடமே விட்டுவிடுங்கள்.

மொத்தம் 13 மாநிலம். ஒன்பது சம்மதித்தால் போதும், சட்டம் நடப்புக்கு வரும் என்று எழுதிக்கொண்டது மோசடி இல்லையா சார்?

(சார் இல்லை, டீச்சர். பரவாயில்லை.) என் வகுப்பில் பெரிய சண்டை வருவது இந்தக் கேள்வியில்தான். அப்போது மாநிலங்களை இணைத்து நடப்பில் இருந்த பழைய சட்டமான கூட்டமைப்பு விதிகளைத் திருத்த 13 மாநிலமும் சம்மதிக்க வேண்டும். 1787இல் பிலடெல்பியா மாநாட்டில் கூடியவர்களை அனுப்பியதே அந்த விதிகளைத் திருத்தத்தான். அவர்களோ புதிதாக ஒரு சட்டத்தை எழுதி, அதை ஏற்கும் முறையையும் தாங்களே மாற்றிவிட்டார்கள். ரோட் ஐலண்டு அந்த மாநாட்டுக்கு ஆளே அனுப்பவில்லை. அங்கே கடைசியாக 1790 மே மாதம், 34க்கு 32 என்று ஒப்புதல் கிடைத்தபோது வாஷிங்டன் ஜனாதிபதியாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

முறைகேடு என்ற வாதத்தில் நியாயம் உண்டு என்பதே என் கருத்து. பழைய விதியைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஒரே ஒரு மாநிலம் எல்லாவற்றையும் முடக்கியிருக்கும் என்பதும் உண்மை. இரண்டையும் சொல்லிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்வேன்.

ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள் 85ஐயும் படிக்க வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். சட்டத்தை ஆதரித்துப் பத்திரிகைகளில் வந்த கட்டுரைகள் அவை. சட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான மேடிசன் எழுதிய பத்தாவதில் பத்து வரி போதும். ஆனால் தனியாகக் கொடுக்காதீர்கள். ஒரு மாதம் முன்னால் "புரூட்டஸ்" என்ற புனைபெயரில் எதிர்ப்பாளர் ஒருவர் எழுதிய முதல் கட்டுரையோடு சேர்த்துக் கொடுங்கள். இவ்வளவு பெரிய தேசத்தில் மக்களாட்சி நிலைக்காது என்கிறார் புரூட்டஸ். பெரிதாக இருப்பதால்தான் எந்தக் கும்பலும் தலைதூக்க முடியாது என்கிறார் மேடிசன்.

பையன்கள் தூங்கி வழிகிறார்கள். சுவாரசியமாக ஏதாவது?

பென்சில்வேனியா. சட்டத்துக்கு ஒப்புதல் தருவது பற்றி முடிவுசெய்யும் மாநில மாநாட்டைக் கூட்டும் தீர்மானத்தைத் தடுக்க எதிர்ப்பாளர்கள் சட்டசபைக்கு வராமல் இருந்துவிட்டார்கள். குறைந்தபட்சம் 46 பேர் வேண்டும், இருந்தது 44. ஒரு கும்பல் போய், தங்கியிருந்த இடத்திலிருந்து இரண்டு பேரை இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தது. எண்ணிக்கை சரியாகிவிட்டது!

அடிமைகள், பெண்கள் பற்றி எப்படிப் பேசுவது?

மழுப்பாமல் பேசுங்கள். அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கைக் மக்கள் தொகைக் கணக்கில் சேர்த்தே காங்கிரசின் பிரதிநிதிகள் சபையில் மாநிலங்களுக்கு இடங்கள் பிரிக்கப்பட்டன. 1808 வரை அடிமை இறக்குமதியைக் காங்கிரஸ் தடை செய்ய முடியாது. ஆனால் எந்தப் பிள்ளைக்கும் அடிமை வேடமோ எஜமான் வேடமோ கொடுக்காதீர்கள். நான் சுவரோரம் சில காலி நாற்காலிகள் போட்டு வைப்பேன். முதல் வருடம் ஒரு பையன், "அங்கே உட்கார வேண்டியவர்களிடம் யாராவது கேட்டார்களா டீச்சர்?" என்றான். அன்றைக்குப் பாடத்திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டேன்.

உரிமைகள் சாசனம் எதிர்ப்பாளர்களின் வெற்றிதானே?

பாதி வெற்றி. உரிமைப் பட்டியல் இல்லை என்பதுதான் பிலடெல்பியாவில் இருந்தும் சட்டத்தை எதிர்த்த ஜார்ஜ் மேசனின் முதல் ஆட்சேபம். அது 1791இல் பத்துத் திருத்தங்களாக வந்தது. ஆனால் மத்திய அரசின் வரி அதிகாரத்தைக் குறைக்கச் சொன்னதை மேடிசன் தொடவே இல்லை.

இந்தியாவில் இப்படி மாகாணம் மாகாணமாக வாக்கெடுப்பு நடந்ததா?

இல்லை. 1949 நவம்பர் 26 அன்று அரசியல் நிர்ணய சபையே ஏற்றுக்கொண்டது. மக்கள் கருத்துக்காக வரைவை மட்டும் 1948இல் வெளியிட்டார்கள்.

வகுப்பில் விவாதம் வைத்தால் ஜெயித்த அணிக்கு அதிக மதிப்பெண் தரலாமா?

கூடாது. எதிரணியின் வாதத்தை அந்த அணியே "ஆமாம், இதைத்தான் சொல்ல வந்தோம்" என்று தலையாட்டும்படி சொல்கிறவருக்குத்தான் என் மதிப்பெண். போன வருடம் மாசசூசெட்ஸ் மாநாடாக நடித்த எங்கள் வகுப்பில் சட்டம் 12க்கு 13 என்று தோற்றது. "நிஜத்தில் ஜெயித்ததே, மாற்றி எழுதுங்கள் டீச்சர்" என்று கெஞ்சினார்கள். பலகையில் எழுதியதை அழிக்காமல் விட்டுவிட்டு, அடுத்து வாக்களிக்க வேண்டிய நியூ ஹாம்ஷையர் குழுவைக் கூப்பிட்டேன். ஐந்து பேரும் பலகையைப் பார்த்துக்கொண்டே எழுந்து வந்தார்கள்.