பழைய பொம்மை வீடு: கேளுங்கள், சொல்கிறேன்

மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து எழுதுகிறேன். 1950களிலிருந்து 1970கள் வரை வெளிவந்த நவீன பாணிப் பொம்மை வீடுகளைச் சேர்ப்பதும் பழுதுபார்ப்பதும்தான் என் பொழுது. முன்பு கைப்பணி படிப்பித்ததால் எல்லோருக்கும் நான் டீச்சர். இந்த முறை வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: டீச்சர், சுவீடனில் இருக்கிற சித்தி கார்கோ பெட்டியில் ஒரு பொம்மை வீடு போட்டு அனுப்பியிருக்கிறா. லுண்ட்பி என்று இருக்கு. அழுக்காக இருக்கு, பெயின்ட் அடிக்கலாமா?

அடிக்க வேண்டாம், மகள். லுண்ட்பி 1947இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் தொடங்கிய கம்பெனி. உள்ளே உண்மையாகவே எரியும் சின்ன மின்விளக்குகளால் பேர் எடுத்தது. அறுபது எழுபதுகளில் அங்கே வீடுகளில் இருந்த சோபா, சுவர்க் கடதாசி, குசினி அலுமாரி எல்லாம் அப்படியே சிறிதாகி அதற்குள் இருக்கும். அந்தச் சுவர்க் கடதாசிக்குத்தான் மதிப்பு. ஒருமுறை பெயின்ட் பட்டால் திரும்ப எடுக்க முடியாது.

முதலில் ஒவ்வொரு அறையையும் இருந்தபடியே படம் எடுங்கள். பிறகு காய்ந்த மெல்லிய தூரிகையால் தூசு தட்டுங்கள். கடதாசியில் தண்ணீர் படவே கூடாது. என்னுடைய முதல் வீட்டில், குசினிச் சுவரில் யாரோ ஒரு பிள்ளை நீலப் பேனையால் மணிக்கூடு கீறியிருந்தது. வட்டம் சரியாக வரவில்லை, சின்ன முள் ஏழில், பெரிய முள் நாலில். ஒரு நாளும் அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டில் எப்போதும் ஏழு இருபதுதான்.

அக்கரைப்பற்றிலிருந்து: இரண்டு இடத்தில் வாங்கிய தளபாடங்களை ஒரே வீட்டில் வைத்தால் ஒன்று ராட்சதன் மாதிரித் தெரிகிறது. ஏன்?

அளவு வேறு, தம்பி. லுண்ட்பி 1:18, அதாவது உண்மைச் சாமானின் பதினெட்டில் ஒரு பங்கு. ஜெர்மனியின் போடோ ஹென்னிக் 1:12. பழைய ஆங்கிலேயத் தளபாடங்களில் 1:16 நிறைய உண்டு. விற்கிறவர்கள் பெரும்பாலும் அளவைச் சொல்ல மாட்டார்கள். அதனால் கதிரையை வைத்தே கண்டுபிடியுங்கள். நாம் இருக்கிற கதிரையின் இருக்கை நிலத்திலிருந்து 45 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். பொம்மைக் கதிரையில் அது இரண்டரை சென்ரிமீற்றர் என்றால் 1:18, ஏறக்குறைய மூன்றே முக்கால் என்றால் 1:12. விற்பவரிடம் அடிமட்டம் பக்கத்தில் வைத்து ஒரு படம் கேளுங்கள், அவ்வளவு போதும். 1:16உம் 1:18உம் கலந்தால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. 1:12 கலந்தால் தெரியும்.

வாழைச்சேனையிலிருந்து: பொம்மை வீட்டு விளக்குகளுக்கான பழைய டிரான்ஸ்போமரும் கூடவே வந்தது. சுவரில் செருகிப் பார்க்கலாமா?

கூடாது. ஐம்பது வருட வயரின் உறை காய்ந்து வெடித்திருக்கும். அந்தப் பெட்டியை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். விளக்குக்கு இரண்டு சாதாரண பென் பற்றரி, அதாவது 3 வோல்ட் போதும். ஒளி கொஞ்சம் மங்கல்தான், ஆனால் பழைய பல்ப் நீண்ட நாள் உழைக்கும். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள், அந்த மஞ்சள் வெளிச்சம்தான் அழகு.

கல்முனையிலிருந்து: பூச்சி வராமல் இருக்க அலுமாரியில் நப்தலீன் உருண்டை போட்டு வைக்கிறேன். சரிதானே, டீச்சர்?

இன்றைக்கே எடுத்துவிடுங்கள்! அந்தக் காலத் தளபாடங்கள் பலதும் பொலிஸ்டைரீன் என்ற கடினமான பிளாஸ்டிக். நப்தலீன் ஆவி அதை இளக வைக்கும். இன்னொன்றையும் சொல்கிறேன், நான் பட்ட பாடு இது. மிருதுவான வினைல் பொம்மை ஒன்றை ஒரு சாப்பாட்டு மேசைமேல் வைத்து ஒரு மாரி முழுக்கப் பெட்டியில் மூடி வைத்தேன். வினைலில் இருந்து கசிந்த எண்ணெய் மேசையைக் கரைத்துவிட்டது. இரண்டு பாதத்தின் அச்சும் மேசையில் பதிந்துபோய் இருக்கிறது. அன்றிலிருந்து மிருதுவான பிளாஸ்டிக்கையும் கடினமான பிளாஸ்டிக்கையும் தொடவிடுவதில்லை, தனித்தனியாக வெள்ளைக் கடதாசியில் சுற்றுகிறேன். பூச்சிக்குக் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து ஒரு மூலையில் போடுங்கள்.

மாரியில் இன்னொரு கவலை பூஞ்சணம். கடற்காற்று, வாவிக் காற்று இரண்டும் படுகிற ஊர் நம்முடையது. கார்த்திகையிலிருந்து தை வரை வீட்டை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல் நாலு விரல் தள்ளி வையுங்கள். சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற சிலிக்கா பொட்டலங்களை எறியாமல் சேர்த்து, ஒவ்வொரு மாடியிலும் ஒன்று வையுங்கள். தகரப் பொம்மை வீடு வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம், உப்புக்காற்றில் விளிம்புகள்தான் முதலில் துருப்பிடிக்கும்.

ஏறாவூரிலிருந்து: என் இரண்டு வயது மகள் பழைய வீட்டோடு விளையாடலாமா?

வேண்டாம். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கலாம், சாமான்களும் வாய்க்குள் போகிற அளவு. கொஞ்சம் வளரட்டும்.

திருக்கோவிலிலிருந்து: எல்லாம் ஐரோப்பிய வீடுகளாகவே இருக்கிறதே. நம்முடைய பழைய வீட்டை அதே அளவில் செய்ய முடியாதா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். சுவீடன் பிள்ளைகள் லுண்ட்பியோடு விளையாடிய அதே காலத்தில் இங்கே இலங்கையில் கட்டடக் கலைஞர்கள் மினெட் டி சில்வாவும் ஜெப்ரி பாவாவும் நம் நாட்டுக்கேற்ற நவீன வீடுகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நவீனம் அங்கே மட்டும் இருக்கவில்லை.

முன்னால் விறாந்தை வையுங்கள். நிலத்துக்குச் சிவப்புச் சீமெந்து நிறத்தில் மட்டைக்குப் பெயின்ட் அடித்து, மெழுகு பூசித் துணியால் தேய்த்தால் பாட்டி வீட்டு நிலம் வந்துவிடும். யன்னல் சீலைக்கு மருதமுனைக் கைத்தறித் துண்டு எடுக்கலாம், ஆனால் கரையைப் பார்த்து எடுங்கள். ஒரு சென்ரிமீற்றர் கோடு 1:18 வீட்டுக்குள் 18 சென்ரிமீற்றர் பட்டையாகத் தெரியும். மிக மெல்லிய கோடுள்ள துண்டுதான் பொருந்தும். மடிப்பு நிற்க, வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து நனைத்து, மடித்துக் காயவிடுங்கள். பாய்க்குப் பன் புல்லை ஊசியால் கிழித்து நூல்போல ஆக்கிப் பின்ன வேண்டும். எனக்கு உள்ளங்கை அகலப் பாய்க்கு மூன்று மாலை எடுத்தது.

சாய்மனைக் கதிரை கட்டாயம் வேண்டும். உங்கள் வீட்டில் இன்னும் ஒன்று இருந்தால் இப்போதே அளந்துவிடுங்கள்: கையின் நீளம், முதுகுச் சாய்வு, பிரம்பு பின்னிய இடத்தின் அகலம். கை 90 சென்ரிமீற்றர் என்றால் உங்களுக்கு 5 சென்ரிமீற்றர் மரம் போதும். அளவுகளை அனுப்புங்கள் மனே, மாதிரிப் படம் கீறித் தருகிறேன்.