அட்மின் கணக்கைப் பிரிப்பது: வாசகர் கேள்விகள்

கேள்வி: அறுபது பேர் வேலை செய்யும் அலுவலகம், ஐடிக்கு நான் ஒருத்தன்தான். மெயில் பார்ப்பதும் சர்வரில் நுழைவதும் ஒரே கணக்கில், அதுதான் டொமைன் அட்மின், அதாவது அலுவலக நெட்வொர்க் முழுக்க உரிமை உள்ள கணக்கு. அட்மின் வேலைக்கு முன்னால் விண்டோஸ் காட்டும் யுஏசி பெட்டி எப்படியும் அனுமதி கேட்கிறதே, தனிக் கணக்கு எதற்கு?

பதில்: யுஏசியைப் பாதுகாப்பு எல்லையாகக் கணக்கில் எடுப்பதில்லை என்று மைக்ரோசாப்டே சொல்லிவிட்டது. நீங்கள் ஒரு விண்டோஸ் கணினியில் லாகின் செய்தால், கிரெடென்ஷியல் கார்டு (Credential Guard) என்ற விண்டோஸ் பாதுகாப்பு வசதியை இயக்காதவரை, உங்கள் பாஸ்வேர்டின் ஹேஷ் (அதிலிருந்து கணக்கிட்டு எடுத்த குறியீடு), லாகின்களைக் கையாளும் எல்சாஸ் ப்ராசஸின் நினைவகத்தில் கிடக்கும். அந்தக் கணினியில் லோக்கல் அட்மின் உரிமை கிடைத்தவன் அதை உருவலாம். பாஸ்வேர்டு தெரியாமலே, ஹேஷை மட்டும் வைத்து அடுத்த கணினிக்குள் போகலாம். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீநிரல் பரவியபோது, பேட்ச் போட்டிருந்த கணினிகளும் விழுந்தது இதனால்தான்: நினைவகத்தில் இருந்து எடுத்த அட்மின் கணக்கோடு அது முன்வாசல் வழியாகவே நுழைந்தது.

மெயிலுக்கும் பிரவுசருக்கும் சாதாரணக் கணக்கு போதும். டொமைன் அட்மின் கணக்குக்கு மெயில்பெட்டியே வேண்டாம். அதைவிட முக்கியம், பணியாளர் கணினிகளுக்கான குரூப் பாலிசியில் (எல்லாக் கணினிக்கும் ஒரே இடத்திலிருந்து போடும் விதிகள்) 'டினை லாக் ஆன் லோக்கலி' என்ற நேரடி லாகின் தடை, ரிமோட் டெஸ்க்டாப் தடை இரண்டிலும் டொமைன் அட்மின்ஸ் குழுவைச் சேர்ப்பது. இல்லையென்றால் "பிரிண்டர் டிரைவர்தானே, ஒரு நிமிஷம்" என்று நாமே அந்தக் கணக்கில் நுழைந்துவிடுவோம். பிரிண்டர் வேலைக்கு, பணியாளர் கணினிகளில் மட்டும் அட்மினாக இருக்கும் மூன்றாவது கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டீமில் நாலு பேருக்கும் இரண்டாவது கணக்கு கொடுத்தாகிவிட்டது. ஆனால் இரண்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருக்கிறார்கள்.

பதில்: அப்படியானால் பிரித்ததே வீண். விண்டோஸ் வைத்திருக்கும் என்டி ஹேஷில் சால்ட் (கணக்குக்குக் கணக்கு மாறும்படி சேர்க்கும் எழுத்துகள்) கிடையாது. ஒரே பாஸ்வேர்டு என்றால் ஒரே ஹேஷ். சாதாரணக் கணக்கு போனால் அட்மின் கணக்கும் சேர்ந்தே போகும்.

கேள்வி: ஒருவரை டொமைன் அட்மின்ஸில் இருந்து எடுத்து இரண்டு வாரம் ஆகிறது. இன்னும் ஹெல்ப்டெஸ்க்கால் அவர் பாஸ்வேர்டை ரீசெட் செய்ய முடியவில்லை. 'ஆக்சஸ் டினைடு'. மற்ற எல்லோருக்கும் முடிகிறது.

பதில்: பலரைச் சுற்றலில் விடும் விஷயம் இது. டொமைன் அட்மின்ஸ் போன்ற குழுவில் சேர்ந்த கணக்குகளின் அனுமதிகளை, அட்மின்எஸ்டிஹோல்டர் என்ற பொருளில் உள்ளபடி மணிக்கொரு முறை டொமைன் கன்ட்ரோலர் (டொமைனை நடத்தும் சர்வர்) மாற்றி எழுதும்; மேலிருந்து வரும் அனுமதிகளையும் துண்டித்துவிடும். குழுவை விட்டு எடுத்தாலும் பழைய நிலை தானாகத் திரும்பாது. ஏடியூசியில் (ஆக்டிவ் டைரக்டரி யூசர்ஸ் அண்ட் கம்ப்யூட்டர்ஸ் கருவி) வியூ மெனுவில் 'அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ்' போட்டு அவர் கணக்கைத் திறங்கள். அட்ரிபியூட் எடிட்டரில் அட்மின்கவுன்ட் 1 என்று இருக்கும், அதை அழித்துவிடுங்கள். பிறகு செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு போய் மேலிருந்து அனுமதிகள் வரவிடும் இன்ஹெரிட்டன்ஸை இயக்குங்கள். ரீசெட் வேலை செய்யும். ஒரு மணி நேரத்தில் மறுபடி 1 வந்தால், அவர் இன்னும் ஏதோ ஒரு உள்குழு (குழுவுக்குள் சேர்த்த குழு) வழியாக அட்மினாக இருக்கிறார் என்று அர்த்தம். அதைத் தேடிப் பிடியுங்கள்.

கேள்வி: எல்லாக் கணினியிலும் லோக்கல் அட்மினிஸ்ட்ரேட்டருக்கு ஒரே பாஸ்வேர்டுதான். மாற்ற வேண்டுமா?

பதில்: இன்றைக்கே. லோக்கல் அட்மின் பாஸ்வேர்டுகளைக் கவனிக்கும் விண்டோஸ் லேப்ஸ் (LAPS) 2023 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது, தனிச் செலவு இல்லை. கணினிக்கு ஒரு பாஸ்வேர்டாக வைத்து, வழக்கமான அமைப்பில் 30 நாளுக்கொரு முறை அதுவே மாற்றிவிடும்.

கேள்வி: "கம்பெனி என்னுடையது, டொமைன் அட்மின் பாஸ்வேர்டை எனக்கும் கொடு" என்கிறார் முதலாளி. எப்படி மறுப்பது?

பதில்: அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, நாளைக்கே நீங்கள் வராமல் போனால் என்ன செய்வார்? ஆனால் உங்கள் கணக்கைக் கொடுக்காதீர்கள். அவருடைய தினசரிக் கணக்கையும் அட்மின் ஆக்காதீர்கள். அவசரத்துக்கென்று தனிக் கணக்கு ஒன்று தொடங்கி, நீளமான பாஸ்வேர்டை அச்சிட்டு, கவரில் போட்டு ஒட்டி, அவர் கையெழுத்தோடு அவருடைய பீரோவிலேயே வையுங்கள். அந்தக் கணக்கில் யார் லாகின் செய்தாலும் உடனே இருவருக்கும் மெயில் வரட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் முன்னால் கவரைப் பிரித்து, லாகின் ஆகிறதா என்று பார்த்து, பாஸ்வேர்டை மாற்றிப் புதுக் கவரில் போடுங்கள்.