கேள்வி–பதில்: கட்டாடின் மலையைக் காத்தவர்

கேள்வி: அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதை வடக்கே சென்று முடியும் கட்டாடின் மலை, இத்தனை புகழ் இருந்தும் ஏன் தேசியப் பூங்காவாகவில்லை? – வாசகர், திருச்சி

பதில்: அதற்கான முயற்சி 1937-இல் நடந்தது, அதை முன்னின்று எதிர்த்தவர், அந்த மலையை மக்களுக்கு வாங்கிக் கொடுத்த பெர்சிவல் பாக்ஸ்டரே. மெய்ன் மாநிலத்தின் ஆளுநராக (நம் முதலமைச்சருக்கு நிகரான பொறுப்பு அது) 1921 முதல் 1925 வரை இருந்த அவர், மலையை அரசே வாங்க வேண்டுமென்று வற்புறுத்தியும் சட்டமன்றம் இணங்கவில்லை. பதவியை விட்ட பிறகு, 1930-இல், தம் சொந்தப் பணம் 25,000 டாலரைக் கொடுத்து, உச்சி உட்பட ஏறத்தாழ 6,000 ஏக்கரை ஒரு காகித நிறுவனத்திடமிருந்து வாங்கி, மறு ஆண்டே மாநிலத்துக்கு அளித்துவிட்டார். அதோடு நிற்காமல் 1962 வரை சிறிது சிறிதாக வாங்கிச் சேர்த்து அவர் கொடுத்த நிலம் 2 லட்சம் ஏக்கரைத் தாண்டியது; அதுவே பாக்ஸ்டர் மாநிலப் பூங்கா. அது என்றென்றும் இயற்கையான காட்டு நிலையிலேயே இருக்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. தேசியப் பூங்காவானால் சாலைகளும் விடுதிகளும் கூட்டமும் பின்தொடரும் என்று அவர் அஞ்சினார். அந்த அச்சம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். பராமரிப்புக்கும் அவரே அறக்கட்டளை நிதி வைத்துச் சென்றதால், பூங்கா மாநில வரிப்பணத்தை நம்பியிருக்கவில்லை. ஆனாலும் முழுப் பரப்பிலும் ஒரே விதி இல்லை: சில பகுதிகளில் வேட்டைக்கும், ஒரு பகுதியில் அறிவியல் முறைப்படி மரம் வெட்டுவதற்கும் அவரே இடமளித்திருக்கிறார்.

கேள்வி: உயரம் 1,606 மீட்டர்தானே, பிறகு ஏன் கடினமான மலை என்கிறார்கள்? – வாசகி, சேலம்

பதில்: உயரத்தை மட்டும் வைத்து அளக்கக் கூடாது. பழங்காலப் பனியாறுகள் இந்தக் கருங்கல் மலையைப் பல பக்கங்களிலும் குடைந்து ஆழமான பள்ளங்களை உண்டாக்கிவிட்டதால், பமோலா சிகரத்துக்கும் மலையின் உச்சியான பாக்ஸ்டர் சிகரத்துக்கும் இடையே, 'கத்தி முனை' எனப்படும், ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் நீளமுள்ள பாறை முகடு மட்டுமே எஞ்சியிருக்கிறது. சில இடங்களில் அதன் அகலம் ஒரு மீட்டர்தான், இருபுறமும் செங்குத்துச் சரிவு. அங்கே உயிரிழந்தவர்களும் உண்டு. மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே ஒதுங்க இடமில்லாததால் காற்றும் மின்னலும் பேராபத்து. பெனாப்ஸ்காட் பழங்குடியினர், அந்தச் சிகரத்துக்குப் பெயர் தந்த பமோலாவைப் புயலின் ஆவியாகப் போற்றியது இதனால்தான் போலும். வானிலை மோசமானால் காவலர்கள் பாதையை மூடிவிடுவார்கள். பூங்காவுக்குள் மின்சாரமும் குழாய்நீரும் கிடையாது. வளர்ப்பு விலங்குகளுக்கு அனுமதியில்லை. மலையடிவாரத்தில் வண்டி நிறுத்துமிடம் குறைவு என்பதால், அதை முன்பதிவு செய்துகொண்டு விடியற்காலையிலேயே ஏறத் தொடங்குவது நல்லது.