பளீர் சிவப்பு எங்கிருந்து வருகிறது?

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் யூரோப்பியம் அணைவுச் சேர்மம் கலந்த அக்ரிலிக் படலத்தைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தார்கள், பளீரென்று சிவந்தது. வெறும் யூரோப்பியம் குளோரைடு கரைசலோ மங்கலாகத்தான் இருந்தது. ஏன் சார்?
– எம்.எஸ்சி. மாணவி, திருச்சி

பதில்: நல்லா கவனிச்சிருக்கீங்கம்மா. யூரோப்பியம் என்ற அருமண் உலோகத்தின் அயனி தானாக ஒளியை உறிஞ்சுவதில் ரொம்பவே மந்தம். அணைவுச் சேர்மத்தில் அதைச் சுற்றிப் பிணைந்திருக்கும் கரிம மூலக்கூறான ஈந்தணைவிதான் ஆன்டெனா மாதிரி புற ஊதாவை வாங்கி, அந்த ஆற்றலை அயனிக்குக் கைமாற்றிவிடுகிறது. இதை அமெரிக்க வேதியியலாளர் வைஸ்மன் 1942-லேயே கண்டு சொல்லிவிட்டார். அப்புறம்தான் 612 நானோமீட்டர் பக்கம் அந்தக் கூர்மையான சிவப்பு.

கரைசலில் இன்னொரு தொல்லை, தண்ணீர். அயனியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நீர் மூலக்கூறின் ஓ-எச் பிணைப்பு அதிர்ந்து அதிர்ந்தே ஆற்றலை வெப்பமாகத் தின்றுவிடும். பினாந்த்ரோலின் என்ற இன்னொரு ஈந்தணைவியைச் சேர்த்தால் அது நீரை வெளியே தள்ளி அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், பாலிமரும் மூலக்கூறுகளை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதற்காக அணைவுச் சேர்மத்தைப் பாலிமரில் அள்ளிப் போடாதீர்கள், அது திரண்டு படலம் வெளுத்துப்போகும்.

எனக்கு உண்மையான கவலை படலத்தின் ஆயுள்தான்: பீட்டா-டைகீட்டோன் வகை ஈந்தணைவிகள் தொடர்ந்து புற ஊதா பட்டால் சிதைகின்றன. சேர்மத்தை முதலில் சிலிக்கா நானோதுகளுக்குள் அடைத்து, பிறகு பாலிமரில் கலப்பது இதைத் தள்ளிப்போட ஒரு நல்ல வழி, புராஜெக்டுக்கு எடுத்துப் பாருங்கள்.