லயனுக்கு மேலே உள்ள காடு: சித்திர டீச்சரிடம் சில கேள்விகள்

இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் சித்திரம் கற்பிக்கிறேன். விடுமுறை நாட்களில் ஊராரோடு சேர்ந்து பிள்ளைகளைத் லயன்களுக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) மேலே, தோட்டத்தை ஒட்டிய காட்டுக்கு அழைத்துப் போய் அங்கேயே வரையவும் கைவேலை செய்யவும் விடுகிறோம். அதைப் பற்றிப் பலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

டீச்சர், வர்ணப் பெட்டி வாங்க எங்கள் பாடசாலையில் பணமில்லை. எப்படித் தொடங்குவது? (ஆசிரியை, பொகவந்தலாவை)

வர்ணப் பெட்டியே வேண்டாம். கடுந்தேயிலைச் சாயத்தில் துருப்பிடித்த ஆணிகளையும் கொஞ்சம் வினாகிரியையும் போட்டு ஓரிரு நாள் மூடி வையுங்கள். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் கூடி நல்ல கறுப்பு மையாகிவிடும். அம்மா பறித்த கொழுந்திலிருந்து மை வருகிறது என்று தெரிந்ததும் பிள்ளைகள் அந்தப் போத்தலை விட்டு நகர மாட்டார்கள். மஞ்சளைக் கரைத்தால் மஞ்சள் நிறம். அதில் துளி சுண்ணாம்பு தொட்டால் செம்மை. அடுப்பில் கரி இருக்கிறது. பழைய படங்குத் துணியைத் துவைத்து விரித்தால் எல்லோரும் சேர்ந்து வரையலாம்.

முதல் நாளில் வரையச் சொல்லாதீர்கள். நிழலுக்கு நட்ட சவுக்கு (சில்வர் ஓக்) மரத்தில் தாளை ஒற்றிப் பிடித்து, கரித்துண்டைப் படுக்கவைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். பட்டையின் வெடிப்பெல்லாம் தாளில் எழும்பி வரும். அடுத்து, நாம் டர்பன்டைன் என்று சொல்லும் யூகலிப்டஸ் மரம். அதன் வழுவழுப்பு வேறு மாதிரிப் பதியும். பாதையோர மண்மேடுகளில் அடிப்பக்கம் வெள்ளைப் பொடி படிந்த பன்னம் வளர்கிறதல்லவா? அதன் இலையைக் கறுப்புத் துணியில் வைத்து உள்ளங்கையால் ஓர் அழுத்து. நரம்பு நரம்பாக வெள்ளை இலை துணியில் ஒட்டிக்கொள்ளும். “எனக்கு வரைய வராது” என்று ஒதுங்கும் பிள்ளையை இழுத்துவர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மகன் தரம் 5. புலமைப்பரிசில் பரீட்சை நேரத்தில் இது தேவையா, டீச்சர்? (தாய், ஹட்டன்)

உங்கள் கவலை நியாயமானது. பரீட்சை நெருங்கும் வாரங்களில் அனுப்ப வேண்டாம், நானே கேட்க மாட்டேன். மற்ற மாதங்களில் மாதம் ஒரு காலைப்பொழுது தாருங்கள். நம் பிள்ளைகள் காட்டின் விளிம்பிலேயே பிறந்து வளர்கிறார்கள். அவர்கள் காதில் விழுவதோ விறகும் பயமும்தான். ஒரு மரத்தின் முன் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்க்க அவர்களுக்கு உரிமை இல்லையா?

சிறுத்தை நடமாட்டம் இருக்கிறதே? (தந்தை, மஸ்கெலியா)

இருக்கிறது. சிறுத்தை பெரும்பாலும் அந்தி முதல் விடியல் வரை நடமாடும். ஆகவே பனி விலகிய பின் போய், மதியச் சாப்பாட்டுக்கு முன் திரும்பிவிடுகிறோம். கூட்டமாகப் பேசிக்கொண்டே நடக்கிறோம். அண்மையில் சிறுத்தையைக் கண்ட பக்கம் போவதே இல்லை.

நான் அதிகம் அஞ்சுவது குளவிக்குத்தான். கொழுந்து பறிக்கும் நம் பெண்கள் எத்தனை பேர் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள்! போவதற்கு முந்திய நாளே பெரியவர் ஒருவர் போய் மரக்கிளைகளையும் பாறை இடுக்குகளையும் பார்த்துவர வேண்டும். கல்லெறிதல், தீ மூட்டுதல் இரண்டும் கூடாது. விறகுக்குப் போகும் அக்காமாரிடம் கேளுங்கள், கூடு எங்கே என்று அவர்களுக்குத் தெரியும்.

யாரிடம் அனுமதி பெற வேண்டும்? (இளைஞர் மன்றம், வெலிமடை)

தோட்டக் காணி என்றால் தோட்ட நிர்வாகத்திடம். ஒதுக்குக்காடு என்றால் வன பாதுகாப்புத் திணைக்களத்திடம். ஹோர்ட்டன் சமவெளி, நுவரெலியாவின் கல்வேஸ் லேண்ட் போன்ற தேசியப் பூங்காக்கள் வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. அங்கே ஓர் இலையையும் கிள்ளக்கூடாது, பார்த்து வரைவதோடு சரி. 1861இல் சிங்கோனா என்ற மருந்து மரப் பயிருக்காகத் தொடங்கிய ஹக்கலை தாவரவியல் பூங்கா முதல் பயணத்துக்கு ஏற்றது. அந்தப் பக்கத்து மலைக்காடுகளில் மூக்கில் கொம்பு முளைத்த ஓணான் உண்டு. இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. கண்ணில் பட்டால் அன்று முழுவதும் அதையே வரைவார்கள், விட்டுவிடுங்கள்.

ஊரே சேர்ந்து செய்ய ஒரு வேலை சொல்லுங்கள், டீச்சர். (முன்பள்ளி ஆசிரியை, பண்டாரவளை)

பீலியிலிருந்து, அதாவது ஊரார் தண்ணீர் பிடிக்கும் இடத்திலிருந்து, தொடங்குங்கள். லயன் பீலியில் விழும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பல பிள்ளைகள் குழாயைத்தான் காட்டுவார்கள். குழாய்வழியே மேலே ஏறி, காட்டுக்குள் ஊற்றுக்கண் வரை போங்கள். வழியில் கண்ட மரம், பாசி, பறவைச் சத்தம், முனியாண்டி கல் எல்லாவற்றையும் நீண்ட படங்கில் வரைபடமாக்குங்கள். மரங்களின் பெயரையும் மருந்துக் குணத்தையும் பாட்டிமார் சொல்ல, பிள்ளைகள் எழுதட்டும். காமன் கூத்துக்கு முகம் எழுதுபவர் தோட்டத்தில் இருந்தால் அவரையும் அழையுங்கள். ஓணான், மரை, காட்டுக்கோழி என்று பிள்ளைகளுக்கு முகமெழுதி, தப்படித்து, பீலிக்கரையிலேயே வரைபடத்தை விரித்துக் காட்டலாம். மண்டபத்தில் நடத்தினால் அதிகாரிகள் வருவார்கள். பீலிக்கரையில் நடத்தினால் தண்ணீர் பிடிக்க வருகிறவர்களெல்லாம் பார்ப்பார்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

வேலைக்காக உயிர்மரத்தில் ஆணி அடிக்க வேண்டாம், கிளை ஒடிக்க வேண்டாம். உதிர்ந்தது போதும். கொண்டுபோன பொலித்தீன் முழுவதும் திரும்பி வரவேண்டும்.

அட்டைக்கு என்ன செய்வது? (மாணவி, தரம் 8, நானுஓயா)

நீளக் காலுறைக்குள் காற்சட்டையைச் செருகிக்கொள். காலுறையின் மேல் சவர்க்காரத்தை நன்றாகத் தேய். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காதே. நகத்தால் பக்கவாட்டில் தள்ளிவிட்டுக் கழுவிக்கொள். மழைக்கு மறுநாள் அதிகம் இருக்கும், அன்று கூடுதல் காலுறை எடுத்து வா.