இலக்கியத் திறனாய்வில் 'அணுகுமுறை' என்றால் என்ன? ஒரே நூலுக்கு ஏன் இத்தனை விளக்கங்கள்?

ஒரு நூலிடம் எந்தக் கேள்வியோடு போகிறோமோ, அதுதான் அணுகுமுறை.

தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் கண்ணில் படுவது வியாபாரம். காவலர் கண் பிக்பாக்கெட்டைத் தேடும். பிள்ளையோடு வந்த அம்மாவுக்கோ அந்தக் கை நழுவாமல் இருந்தால் போதும். தெரு ஒன்றுதான்.

நூலும் அப்படித்தான். எந்த எழுத்தாளரும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. சொல்லாமல் விட்டதை வாசகர் தன் கேள்வியால் நிரப்புகிறார். சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். அமைப்பைப் பார்ப்பவர், கதை புகார், மதுரை, வஞ்சி என்று மூன்று காண்டங்களாக நகர்வதைக் கவனிப்பார். சமூக நோக்கில் படிப்பவர், வணிகர் வீட்டுப் பெண் அரசவையில் நீதி கேட்டதன் பொருளைத் தேடுவார். பெண்ணிய நோக்கில் படிப்பவருக்கு, கணவன் மாதவியிடம் போனபோது பொறுத்துக்கொண்ட கண்ணகி, அவன் கொலையுண்ட பிறகுதான் ஏன் வெடித்தாள் என்பது முக்கியம். எனக்கு இந்தக் கேள்விதான் பெரிது. அதற்காகவே மதுரைக் காண்டத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

தமிழ்த் திறனாய்வாளர்களிடமும் இந்த வேறுபாடு உண்டு. 1959-இல் சென்னையில் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, படைப்பையே வரிவரியாக அலசினார். ஈழத்துத் திறனாய்வாளர் கைலாசபதி, படைப்பின் பின்னாலிருந்த சமூகத்தைப் பார்த்தார்.

சரி, அப்படியானால் யார் எந்தப் பொருள் சொன்னாலும் சரிதானா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை, சொல்லும் பொருளுக்கு நூலுக்குள்ளேயே சான்று காட்ட வேண்டும்.